‘சல்லி’ என்ற சொல்லுக்காக எழுந்து நின்றவர்

முத்துலிங்கம் ஐயாவின் இந்த நினைவுக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் கடைவீதித் துணிக்கடைப் பெரியவர் சுப்பிரமணியம் அவர்களே! துயரத்தை ஓரமாக வைத்துவிட்டு நமக்காக வந்து அமர்ந்திருக்கும் ஐயாவின் துணைவியார் சண்முகவடிவு அம்மையார் அவர்களே! மேடையிலுள்ள தொழிற்சங்க நண்பர்களே! றொசல்லையிலிருந்து ரயிலேறி வந்தவர்களே! உடப்புசல்லாவையிலிருந்து மூன்று பஸ் மாறி வந்தவர்களே! அரைநாள் பேரையும் கூலியையும் விட்டுக்கொடுத்து மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் என் தாய்மார்களே! எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று மாலை நான் அம்மையாரைப் பார்க்கப் போயிருந்தேன். என்ன பேசட்டும் என்று கேட்டேன். அவர் சொன்னார்: “தம்பி, அழுவ மட்டும் வச்சிராதீங்க. அவரு தன் ஆயுசுல ஒரு அழுகாச்சிப் பெட்டிசம் எழுதினது கெடையாது. அவருக்கு மட்டும் நீங்க ஒண்ணு படிச்சிராதீங்க.”

கட்டளை கிடைத்துவிட்டது. ஆகவே இன்று நான் அழப்போவதில்லை. உங்களையும் அழவிடப்போவதில்லை.

யார் இந்த முத்துலிங்கம் ஐயா? பட்டம் பெற்றவரா? இல்லை. பதவி வகித்தவரா? இல்லை. உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்து லயக் குடியிருப்பில், தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிய ஒரு தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. மிச்ச இங்கிலீசை, தோட்டத்து ஆபீசில் படித்துவிட்டு எறிந்த பழைய பேப்பர்களில் பொறுக்கியவர். நாற்பத்தெட்டாம் ஆண்டு ஹட்டன் கடைவீதியில், ஒரு துணிக்கடை விறாந்தையின் மூலையில், மேசை ஒன்றும் ஸ்டூல் இரண்டும் போட்டு உட்கார்ந்தார். பெட்டிசம், அதாவது மனு, எழுதும் தொழில்! ஊரில் எத்தனை முத்துலிங்கம் இருந்தாலும் பெட்டிசம் முத்துலிங்கம் ஒருவர்தான்!

அவர் மேசைக்கு மேலே தொங்கிய பலகையைப் படிக்காதவர் இந்த ஊரில் உண்டா? “இங்கே பெட்டிசம் எழுதப்படும். கோபத்தோடு வருகிறவர்கள் எதிர்க் கடையில் பிளேன்டீ குடித்துவிட்டு வரவும்.” அந்த எதிர்க் கடைக்காரர் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அவர் கடை கட்டியது எப்படி என்று இப்போது தெரிகிறதா?

எனக்கும் அவருக்கும் என்ன உறவு? ஒளிப்பானேன்? போட்டி! நானும் பெட்டிசம் எழுதுகிறவன்தான். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவன். ஐம்பத்தோராம் ஆண்டு இங்கே வந்து, தெருவின் மறுபக்கத்தில் மேசை போட்டேன். புது டைப்ரைட்டர் வைத்திருந்தேன். அவரிடம் இருந்தது ஒரு பவுண்டன் பேனா. மூன்று மாதத்தில் இந்த மனிதரை மூட்டை கட்ட வைத்துவிடுவேன் என்று நினைத்தேன். நடந்தது என்ன? என் டைப்ரைட்டரில் தூசி படிந்தது. அவர் பேனாவில் நிப்பு தேய்ந்தது!

ஏன் அப்படி? அவருக்கு ஒரு வழக்கம். வருகிறவர் சொல்வதை முழுக்கக் கேட்பார். கேட்டு முடித்ததும், “அந்தச் சொல்லுக்கு நீங்க என்னா அர்த்தம் வச்சிருக்கீங்க?” என்று இன்னொரு கேள்வி கேட்பார். சொற்கள் மேல் அவருக்கு அத்தனை பிரியம். அதிலும் காசு பணத்துக்கு நம் சனங்கள் வைத்திருக்கும் பேர்கள் மேல் தனிப் பிரியம். ‘துட்டு’ என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், “அது ஒல்லாந்தக்காரன் இங்கன விட்டுட்டுப் போன புள்ளைங்க, நாமதான் எடுத்து வளத்தோம்” என்பார்.

ஆனால், சபையோரே, பொய்ப் பெருமை பேச அவர் ஒருநாளும் சம்மதித்ததில்லை. ஒரு தடவை வெளியூர்ப் பேச்சாளர் ஒருவர் நம்மூர் மேடையில் முழங்கினார்: “வெள்ளைக்காரனின் ‘கேஷ்’ எங்கே இருந்து வந்தது? நம் ‘காசு’விலிருந்து வந்தது!” கைதட்டல் அடங்க இரண்டு நிமிடம் ஆயிற்று. கூட்டம் கலைந்ததும் முத்துலிங்கம் ஐயா அவரிடம் போய், பணிவாகச் சொன்னார்: “ஐயா, நல்லாப் பேசினீங்க. ஆனா அது ரெண்டு சொல்லுங்க. நம்ம சின்னச் செப்புக்காசை வெள்ளைக்காரன் ‘கேஷ்’னு கூப்பிட்டது நெசம். அவன் கடையில, பேங்கில சொல்ற ‘கேஷ்’ வேற. அது பணப்பெட்டிக்கு அவுங்க வச்ச பேர்ல இருந்து வந்தது. ஓசை ஒண்ணாப் போச்சு, அவ்வளவுதாங்க. நமக்கு உள்ளது நெறைய இருக்கு. இல்லாததுக்கு ஏன் கையேந்தணும்?”

நான் அன்றைக்குப் பக்கத்தில் நின்று சிரித்தேன். ‘இந்த மனிதருக்கு வேறு வேலை இல்லை’ என்று சிரித்தேன். ஒரு சொல் எங்கே பிறந்தது என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? அடுப்பு எரியுமா? கூரை ஒழுகாமல் நிற்குமா?

அந்தக் கேள்விக்கு விடை ஐம்பத்தைந்தாம் ஆண்டு ஆனி மாதம் கிடைத்தது. அந்தக் கதையை நீங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் முழுக் கதையையும் கேட்டதில்லை. மறைந்திருந்த பாதியை இன்று நான் சொல்லப்போகிறேன்.

றொசல்லைக்கு மேலே மூங்கிலோடைத் தோட்டம். தொழிற்சாலைக்குப் போகிற பாதைக்குத் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதையோரம் உடைத்த கருங்கல் குவித்திருந்தது. அதன் பக்கத்தில், பாதை வேலையைக் குத்தகைக்கு எடுத்த கொந்தராத்துக்காரரின் தகரக் குடில். ஒரு மழை நாள் பின்னேரம், அந்தக் குடிலில் இருந்த பணப்பெட்டியைக் காணவில்லை. ஆட்களுக்குக் கொடுக்க வைத்திருந்த முந்நூற்றுச் சொச்சம் ரூபாய்! காவல்காரர் சொன்னார்: “மழைக்குள்ள வீரம்மா கூடையோட இங்கிட்டுத்தான் நின்னா.”

வீரம்மா கொழுந்தெடுக்கிறவர். கணவர் அழகனோடும் இரண்டு பிள்ளைகளோடும் அந்தப் பாதைக்குக் கீழே லயத்தில் இருப்பவர். அவர் லயத்து வாசல் எப்படி இருந்தது தெரியுமா? மழை பெய்தால் முழங்கால் சேறு! கைப்பிள்ளை அதில் இரண்டு தடவை விழுந்து எழுந்திருந்தது. அதனால் அவர் இரண்டு நடை போய், பாதையோரம் கிடந்த உடைகல்லை அள்ளிக்கொண்டு வந்து வாசலில் போட்டிருந்தார். தோட்டத்தில் அந்த உடைகல்லுக்குப் பேர் என்ன? தாய்மார்களே, உங்களுக்குத் தெரியும். சல்லி! காவல்காரர் அப்போதே அவரைப் பார்த்துச் சத்தம் போட்டும் இருக்கிறார்.

மறுநாள் பொலிஸ் வந்தது. எந்த நிலையத்துப் பொலிஸ் என்பது வேண்டாம். சார்ஜன் சிங்களவர். நல்ல மனிதர், ஆனால் தமிழ் கொஞ்சம்தான் வரும். அவர் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: “சல்லி எடுத்ததா?”

சிங்களத்தில் சல்லி என்றால் என்ன? பணம்! மொத்தப் பணமும் சல்லிதான்!

வீரம்மா என்ன நினைத்தார்? கல்லை எடுத்ததற்குத்தான் காவல்காரர் பொலிசையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார் என்று நினைத்தார். பயந்துபோய், உள்ளதை உள்ளபடி சொன்னார்: “ஆமாங்கையா. நான்தான் சல்லி எடுத்தேன். ரெண்டு தடவ எடுத்தேன். யாரையும் கேக்கல, தப்புத்தான். வாசல் மண்ணுக்குள்ள போட்டு மிதிச்சு வச்சிருக்கேன்.”

ஒரு கான்ஸ்டபிள் அதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டார். வீட்டுக்குள் தேடினார்கள், ஒன்றும் இல்லை. கொட்டும் மழையில் வாசலைத் தோண்ட ஒருவரும் முன்வரவில்லை. புருஷன் எடுத்து வேறு இடத்துக்கு மாற்றியிருப்பான் என்று முடிவு கட்டினார்கள். வீரம்மாவை ஜீப்பில் ஏற்றினார்கள். அந்த வாக்குமூலத்தை இங்கிலீசில் மொழிபெயர்க்க, கடைவீதியிலிருந்து ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அந்த ஆள் நான்தான்.

ஆம், இந்தச் சின்னராசாதான்! ஏன் சலசலப்பு? இருங்கள். முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

கொட்டாஞ்சேனையில் நாங்களும் பணத்தைச் சல்லி என்றுதான் சொல்வோம். நான் காகிதத்தைப் பார்த்தேன். “பணத்தை எடுத்தேன், இருமுறை எடுத்தேன், வாசல் மண்ணில் புதைத்து வைத்தேன்” என்று இங்கிலீசில் அழகாக டைப் அடித்தேன். கையெழுத்தும் போட்டேன். சார்ஜன் சிங்களத்தில் கேட்டார்: “அந்தப் பொம்பளை பக்கத்து அறையில்தான் இருக்கு. ஏதும் கேக்கணுமா?” நான் என்ன சொன்னேன் தெரியுமா? “தேவையில்லை, தெளிவாகத்தான் இருக்கு.” ஐந்து ரூபாய் வாங்கிக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

வீரம்மா ஆறு நாள் ரிமாண்டில் இருந்தார். கைப்பிள்ளை லயத்தில் பால் கேட்டு அழுதது. வழக்கில் குற்றவாளி என்றானால் பேர் வெட்டப்படும், வேலை போகும், மாதக் கடைசிக்குள் லயத்துக் காம்பராவையும் காலி செய்ய வேண்டும் என்று தோட்டத்து மேற்பார்வையாளர் கண்டாக்கையா வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் அழகன் ஹட்டனுக்கு வந்தார். முத்துலிங்கம் ஐயாவின் ஸ்டூலில் உட்கார்ந்தார். அப்போது நடந்ததை அழகன் வாயாலேயே நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

“நீதவான் ஐயாவுக்கு ஒரு மன்னிப்புப் பெட்டிசம் எழுதிக் குடுங்க. எடுத்தது நெசந்தாங்க. அவளே ஒத்துக்கிட்டா. புள்ளைகளப் பாத்து மன்னிச்சு விடச் சொல்லுங்க.”

ஐயா எழுதத் தொடங்கினார். இரண்டு வரி எழுதியதும் பேனாவை நிறுத்தினார். “எதுக்கு எடுத்தாங்களாம்?”

“வாசல்ல சேறுங்க. புள்ள வழுக்கி வழுக்கி விழுறான்.”

“சேத்துக்கும் சல்லிக்கும் என்னாங்க சம்பந்தம்?”

“சல்லி போட்டாத்தானே ஐயா சேறு அடங்கும்?”

அவ்வளவுதான்! ஐயா எழுதிய காகிதத்தைக் கிழித்துப் போட்டார். எழுந்து நின்று சிரித்தார். தெருவே திரும்பிப் பார்த்தது. எதிர்ப்பக்கத்தில் இருந்த நானும் பார்த்தேன். மனைவி ரிமாண்டில் கிடக்க, இந்த மனிதர் சிரிக்கிறாரே என்று அழகனுக்குக் கோபமே வந்துவிட்டதாம். ஐயா அவர் தோளைப் பிடித்து, “வாங்க தம்பி, மொதல்ல பிளேன்டீ குடிப்போம். மன்னிப்புக் கேக்க வேண்டியது உங்க வீட்டுக்காரி இல்ல” என்றார்.

மறுநாள் வழக்கு. அவசரத்தில் வாதாடப் புரக்டர் ஒருவரும் அகப்படவில்லை. ஐயா பார்வையாளர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நானும் போயிருந்தேன். ஏன்? என் மொழிபெயர்ப்பை நீதவான் படிப்பதைக் காதால் கேட்க ஆசை! எவ்வளவு அற்ப ஆசை பாருங்கள்!

வீரம்மாவைக் கூண்டில் ஏற்றினார்கள். வாக்குமூலத்தைப் படித்தார்கள். கோர்ட் மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: “சல்லி எடுத்தீரா?”

“எடுத்தேனுங்க.”

மொழிபெயர்ப்பாளர் நீதவான் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார். அந்தக் கணத்தில் பெஞ்சிலிருந்து ஒரு குரல் எழுந்தது: “ஐயா! அந்தச் சொல்லை மட்டும் மொழிபெயர்க்காதீங்க!”

பொலிஸ்காரர் ஒருவர் பாய்ந்து வந்து ஐயாவின் கையைப் பிடித்தார். நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். “யார் நீர்?”

“பெட்டிசம் எழுதுறவன், ஐயா. எனக்கு இங்க பேச உரிமை இல்ல. உள்ள போடுங்க, போறேன். ஆனா அந்தப் பொண்ணு சொன்ன சொல் ஒண்ணு, உங்ககிட்ட வந்து சேந்த சொல் வேற ஒண்ணு.”

சொல்லுங்கள், சபையோரே! நம்மில் எத்தனை பேருக்கு அந்தத் துணிவு வரும்? குடியுரிமையும் இல்லாத மனிதர். வாக்குரிமையும் இல்லாத மனிதர். கூலி ஒரு சதமும் வாங்காத வழக்கு! அவமதிப்பு என்று ஒரு வார்த்தை நீதவான் சொல்லியிருந்தால், அவரும் அன்றிரவு கம்பிக்குப் பின்னால்தான்.

அந்த நீதவான் வயதானவர், பொறுமைசாலி. “ஐந்து நிமிடம் தருகிறேன்” என்றார்.

ஐயா இங்கிலீசில்தான் பேசினார். பேப்பர் பொறுக்கிக் கற்ற இங்கிலீசு! அதன் சாரத்தைச் சொல்கிறேன். “தமிழில் சல்லி என்றால் முதலில் உடைந்த சிறு துண்டு. ஓடு உடைந்தால் சல்லி, கல் உடைந்தால் சல்லி. காசுகளிலே ஆகச் சிறியது கல்துணுக்குப் போலத்தானே இருக்கும்? அதனால் அதைச் சல்லிக்காசு என்றார்கள். பிறகு வாய்ச் சுருக்கத்துக்குச் சல்லி என்றார்கள். அந்தச் சொல் சிங்களச் சகோதரர்கள் வீட்டுக்கும் போயிற்று. போன இடத்தில் அது வளர்ந்துவிட்டது! எங்கள் ஊரில் சல்லி பெறாது என்றால் ஒன்றுக்கும் உதவாது என்று பொருள். இங்கே மந்திரியின் சம்பளமும் சல்லி. ஆனால் தோட்டத்துப் பாதையில் வேலை செய்கிறவர்களுக்கு அது இன்றைக்கும் கல்தான். சார்ஜன் கேட்டது அவர் வீட்டுச் சல்லி. இந்தப் பெண் பதில் சொன்னது இவள் வீட்டுச் சல்லி. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.”

நீதவான் மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். “எந்தச் சல்லி என்று கேளும்.”

வீரம்மா சொன்னார்: “ரோட்டுக்குப் போடுற சல்லிதாங்க. கருங்கல்லு. ரெண்டு கூடை. திருப்பிக் கேட்டா அள்ளிக் குடுத்துர்றேங்க!”

கோர்ட்டில் எழுந்த சிரிப்பை அடக்க மணியடிக்க வேண்டியிருந்தது. நீதவான் வழக்கை நிறுத்திவைத்து, வாசலைத் தோண்டிப் பார்த்து வரும்படி சார்ஜனை அனுப்பினார். பின்னேரம் மூன்று மணிக்குச் சார்ஜன் திரும்பி வந்தார். காற்சட்டை முழுக்கச் சேறு. கைக்குட்டையை விரித்து இரண்டு கருங்கல் துண்டுகளை மேசையில் வைத்தார். தன் மேலேயே வந்த சிரிப்பை அவராலும் அடக்க முடியவில்லை. “சல்லி தியெனவா, சுவாமினி. ஹெபய் கல்!” என்றார். சல்லி இருக்கிறது, ஆனால் கல்!

வீரம்மா விடுதலையானார். பணப்பெட்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நான்கு நாள் கழித்துக் கொந்தராத்துக்காரரின் லொறியிலேயே, தார்ப் பீப்பாய்க்குப் பின்னால் அகப்பட்டது. நனையாமல் இருக்கட்டும் என்று அவருடைய ஆளே தூக்கிப் போட்டிருக்கிறார், சொல்ல மறந்துவிட்டார்!

ஆனால் அன்றைக்குக் கோர்ட் கலையும் முன் நீதவான் ஒரு கேள்வி கேட்டார். “இந்த மொழிபெயர்ப்பைச் செய்தது யார்?”

என் கையெழுத்துக் கிறுக்கல், யாருக்கும் விளங்காது. ஒருவரைத் தவிர! எதிர் மேசையில் நாலு வருடம் பார்த்த கையெழுத்து அல்லவா? காகிதத்தை ஐயாவிடம் நீட்டினார்கள். அவர் பார்த்தார். தலையைத் தூக்கி, பின்வரிசையில் இருந்த என்னையும் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் தொழில் அன்றோடு முடிந்தது. போட்டிக்காரன் ஒழிந்தான்!

அவர் சொன்னார்: “அவசரத்துல நேர்ந்த பிழைங்க ஐயா. எழுதினவருக்கு இந்நேரம் வெளங்கியிருக்கும்.”

மறுநாள் காலையில் தெருவைக் கடந்து என் மேசைக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று எழுந்து நின்றேன். “தம்பி, எங்க விறாந்தையில எடம் இருக்கு. ரெண்டு மேசையையும் ஒண்ணாப் போட்டுக்குவமா? ஒங்ககிட்ட டைப்ரைட்டர் இருக்கு. எங்கிட்ட கேள்வி இருக்கு” என்றார்.

எட்டு வருடம் ஒரே விறாந்தையில் வேலை செய்தோம். இந்த எட்டு வருடத்தில் ஒருதடவையேனும் அவர் அதைச் சொல்லிக் காட்டினாரா? இல்லை! தன் மனைவியிடமாவது சொன்னாரா? அம்மையார் முகத்தைப் பாருங்கள். அவருக்கே இன்றுதான் தெரியும்! அப்படிப்பட்ட மனிதரைத்தான் நாம் இழந்திருக்கிறோம்.

வீரம்மா அவர்களே! முன்வரிசையில் நீங்கள் இருக்கிறீர்கள். எட்டு வருடமாக உங்களை நேருக்கு நேர் பார்க்காமல் தெருவைக் கடந்து போனவன் நான். உங்கள் ஆறு நாளுக்குக் காரணம் நான். இத்தனை பேர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்கிறேன்.

என்ன, எழுந்துவிட்டீர்களே? சொல்லுங்கள், அம்மா. சத்தமாகச் சொல்லுங்கள். பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கட்டும்.

கேட்டீர்களா, சபையோரே? கேட்காதவர்களுக்கு நான் திருப்பிச் சொல்கிறேன். வீரம்மா சொல்கிறார்: “ஆறு நாளும் எம்புள்ள அழுதான். அதச் சும்மா விட்ற முடியாதுங்க. எங்க தோட்டத்துல நாப்பது புள்ளைக்குப் பொறப்புப் பத்திரம் இல்ல. இருக்கிறதுலயும் பேரெல்லாம் தப்புத்தப்பா எழுதிக் கெடக்கு. பூரணிங்கிற புள்ளைய பூமணின்னு எழுதி வச்சிருக்காங்க. ஐயா வாரேன்னு சொன்னாரு, அதுக்குள்ள போயிட்டாரு. நீங்க வந்து ஒண்ணு விடாம எழுதிக் குடுங்க. அப்பத்தான் விடுவேன்.”

கைதட்டுகிறீர்களா? தட்டுங்கள்! இது எனக்குக் கிடைத்த தண்டனை, மனமுவந்து ஏற்கிறேன். தலைவர் அவர்களே, நீதவானுக்குப் பதிலாக நீங்கள் சாட்சி! வருகிற ஞாயிறு மூங்கிலோடைக்குப் போகிறேன். நாற்பது பிள்ளைகளின் பேரையும், பெற்றவர்கள் வாயால் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படியே கேட்டு எழுதுவேன். அது முடிந்ததும் அடுத்த தோட்டம். அதற்கும் அடுத்த தோட்டம். ஒரு சதமும் வாங்கமாட்டேன். முத்துலிங்கம் ஐயாவின் மேசை ஒருநாளும் காலியாக இருக்காது. இது இந்தச் சபைக்கு நான் தரும் வாக்கு. தொழிற்சங்க நண்பர்கள் இருவர் கூட வருவதாக இதோ சைகை காட்டுகிறார்கள். துணிக்கடை சுப்பிரமணியம் ஐயா காகிதமும் மையும் தருவதாகத் தலையாட்டுகிறார். ஆட்டிவிட்டார்! எல்லோரும் பார்த்தீர்கள்!

பிள்ளைக்குப் பத்திரம் வேண்டியவர்கள் கையைத் தூக்குங்கள். தூக்குங்கள், வெட்கம் வேண்டாம். அம்மாடி, இத்தனை பேரா! அந்தக் கடைசி வரிசைத் தாயார் இரண்டு கையையும் தூக்குகிறாரே! இரட்டைப் பிள்ளையா? சரி, சரி, இரண்டும் கணக்கில் வரும்.

முத்துலிங்கம் ஐயா! வேலை நிறையக் கிடக்கிறது. நாங்கள் போய் வருகிறோம்.